பழகி முடிந்த நாள்

யாழ்ப்பாணம்
புதன் இரவு

அன்புள்ள பிள்ளைக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ வெள்ளி வேலை பழகி முடித்ததற்கு லண்டன் நகர மண்டபமான கில்ட்ஹோலில் 'ஃப்ரீடம்' பத்திரம் தர நாள் தந்துவிட்டார்கள் என்று அம்மா சொன்னாள். நீ அனுப்பிய குரல் செய்தியையும் மூன்று தரம் கேட்டேன். அந்த நாளுக்கு என்னால் வர முடியாது. அப்பம்மாவின் இடுப்பெலும்புக்குக் கம்பி வைத்து இரண்டு கிழமைதான் ஆகிறது. இரவில் இரண்டு தரம் எழுந்து அவவைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், அதற்கு என்னை விட்டால் இங்கே ஆளில்லை. "பரவாயில்லை அப்பா" என்று நீ சொன்ன விதத்திலேயே பரவாயிருக்கிறது என்று விளங்கிவிட்டது.

போனில் கதைக்க எனக்கு வராது, உனக்குத் தெரியும். மழையா, சாப்பிட்டியா என்பதோடு நின்றுவிடும். சித்தியின் மகன் சனிக்கிழமை லண்டனுக்கு வருகிறான். இந்தக் கடிதத்தையும் ஒரு பொதியையும் அவனிடம் கொடுத்து விடுகிறேன். நீ எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய். பரவாயில்லை, மெதுவாக வாசி. அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. பொதியைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், முதலில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

ஐந்து வருடத்துக்கு முன் நீ பல்கலைக்கழகம் வேண்டாம், வெள்ளி வேலை பழகப் போகிறேன் என்று சொன்னபோது நான் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய். "பத்தர் வேலை செய்யவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று கேட்டேன். பிறகு பதினொரு நாள் உன்னோடு கதைக்கவில்லை. பொன் வெள்ளி வேலைக்காரரின் சங்கமான கோல்ட்ஸ்மித்ஸ் மண்டபத்தில் உன்னை அப்ரெண்டிஸாக, அதாவது தொழில் பழகுபவளாக, பதிந்த நாளில் அம்மா மட்டும் வந்தாள். எனக்குக் கடையில் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லியிருப்பாள். அன்று எனக்கு ஓய்வு நாள். வீட்டில் இருந்து பழைய கிரிக்கெட் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் வென்றது என்று இப்போதும் தெரியாது.

அம்மா எடுத்து வந்த படத்தில் பளிங்குப் படிக்கட்டில் நீ நிற்கிறாய், கறுப்புச் சப்பாத்து, கையில் சுருட்டிய காகிதம். அந்தக் காகிதத்தை நீ மேசை லாச்சியில் வைத்துவிட்டுப் போன பிறகு ஒருநாள் எடுத்து வாசித்தேன். வாசிக்கத் தொடங்கியவன் நிறுத்தவில்லை. கடையில் இரவு வேலை, பன்னிரண்டு மணிக்கு மேல் ஆள் வராது, கையில் போன் இருக்கிறது. இன்டெஞ்சர் என்ற பழைய பழகும் ஒப்பந்தங்கள், கில்ட் என்ற தொழிற்சங்கங்கள், நகருக்குள் சொந்தமாகத் தொழில் செய்ய விட்ட லண்டன் நகரத்தின் ஃப்ரீடம் என்று நான் வாசித்ததில் பாதியை உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்க வெட்கம்.

பழைய காலத்து ஒப்பந்தத்தை ஒரே தோலில் இரண்டு தரம் எழுதி, நடுவில் நெளிநெளியாக வெட்டி, ஒரு பாதியை முதலாளியும் மற்றப் பாதியைப் பழகுபவனும் வைத்துக்கொள்வார்களாம். சண்டை வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது, பல் பல்லோடு பொருந்த வேண்டும். இன்டெஞ்சர் என்ற பெயரே அந்தப் பல்வெட்டிலிருந்து வந்ததுதான். உள்ளே எழுதியிருப்பதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு. சீட்டாடக் கூடாது, பகடை உருட்டக் கூடாது, தவறணைக்கும் நாடகக் கொட்டகைக்கும் போகக் கூடாது, முதலாளியின் பொருளை வீணாக்கக் கூடாது, அவர் அனுமதியில்லாமல் பகலிலோ இரவிலோ காணாமல் போகக் கூடாது, காலம் முடியும்வரை கல்யாணம் கட்டக் கூடாது. எங்கள் ஊர் அப்பாமார் யாரோ போய் எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கிறது. பதிலுக்கு முதலாளி தொழிலைச் சொல்லிக் கொடுக்க வேண்டும், சாப்பாடு, உடுப்பு, படுக்க இடம் தர வேண்டும். 1563-இல் வந்த சட்டம் குறைந்தது ஏழு வருடம் என்றது. நகரங்களில் 24 வயதுக்கு முன் முடியக் கூடாது என்றும் சொன்னது. உனக்கும் இப்போது 24.

பாதியில் விட்டுப் போனவர்கள் அந்தக் காலத்திலும் ஏராளம். நீ இரண்டாம் வருடம் மாசி மாதம் அம்மாவிடம் அழுதது எனக்குத் தெரியும். சுவர் மெல்லியது.

ஃப்ரீடத்துக்குப் பல வழிகள் உண்டு என்று நீதான் ஒருமுறை சொன்னாய். தகப்பனோ தாயோ ஃப்ரீமேனாக, அதாவது ஃப்ரீடம் பெற்றவராக, இருந்தால் பிள்ளைக்குப் பரம்பரை வழியாக வரும். காசு கட்டியும் வாங்கலாம். மூன்றாவது உன்னுடைய வழி, ஒரு ஃப்ரீமேனிடம் பழகி முடிப்பது. அதற்கு நகரத்தின் பழைய பெயர் 'சர்விட்யூட்'. இந்தச் சொல்லை அகராதியில் தேடினேன். அடிமைத்தனம், ஊழியம் என்று போட்டிருந்தது. அன்று இரவு முழுக்க அந்தச் சொல் எனக்குள் அரித்துக்கொண்டிருந்தது. அடிமைப்பட்ட வழியாக விடுதலையா? யாரோ வக்கீல் பகிடிக்கு எழுதியது போல.

பிறகு அப்பப்பாவை நினைத்தேன்.

அப்பப்பா பதினொரு வயதில் தன் மாமனாரின் பட்டறையில் ஊதுகுழல் பிடிக்க உட்கார்ந்தவர். கன்னாதிட்டியில் ஒரு நகைக்கடைக்குப் பின்னால், ஒரு கதவு, ஒரு ஜன்னல். காலையில் உமியும் கரியும் தட்டி உலை மூட்டுவது, மாலையில் பட்டறை மண்ணைக் கூட்டிச் சேர்ப்பது, நடுவில் திட்டு வாங்குவது. அந்த மண்ணைக் கழுவினால் பொன் தூள் வரும், ஒரு தும்பும் வெளியே போகக் கூடாது. முதல் மூன்று வருடம் கையில் பொன்னையே கொடுக்கவில்லையாம், செம்புக் கம்பிதான். நாலாம் வருடம் ஒரு வளையத்துக்குப் பற்றவைக்கும் பொடி வைத்து ஊதச் சொன்னார்கள். இவர் ஊதிய ஊதில் பொடியோடு வளையமும் உருகிப் போயிற்று. மாமனார் சூட்டோடு இருந்த சாவணத்தால் முழங்கையில் ஒரு போடு போட்டார். அந்தத் தழும்பைச் சின்ன வயதில் நான் தடவிப் பார்ப்பேன், புளியங்கொட்டை மாதிரி வழவழப்பாக இருக்கும்.

ஒருநாள் கேட்டேன், "அப்பா, உங்களுக்குப் பழக்கம் எப்ப முடிஞ்சது?" அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "என்ன முடியிறது?" என்றார்.

உண்மைதான், முடியவே இல்லை. நாற்பது வயதிலும் மாமனார் உள்ளே வந்தால் எழுந்து நிற்பார். கூலியை மாமனார்தான் வாங்கி, எண்ணி, இவ்வளவு என்று கொடுப்பார். மாமனார் செத்த வீட்டில் ஊரவர் ஒருவர் அப்பப்பாவைக் காட்டி, "இவர்தான் பெரியவரிட்டைப் பழகின பொடியன்" என்றார். அந்தப் பொடியனுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது, காதோரம் முழுக்க நரை.

அதனால்தான் சொல்கிறேன், அந்தச் சொல்லோடு நான் சமாதானமாகிவிட்டேன். உன் காகிதத்தில் தொடங்கும் திகதிக்குப் பக்கத்தில் முடியும் திகதியும் இருந்தது. நான் முதலில் அதைக் கவனிக்கவில்லை. ஐந்து வருடம் எங்கள் பிள்ளையை யாரோ கட்டிப் போட்டார்கள் என்றுதான் பார்த்தேன். கட்டியவர்கள் அவிழ்க்கும் நாளையும் அதே காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பது பிறகுதான் கண்ணில் பட்டது. அப்பப்பாவுக்கு அப்படி ஒரு காகிதம் யாரும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

பரம்பரை வழி என்று எழுதினேனே, எங்களுக்கும் அது இருந்தது. பத்தரின் மகன் பத்தர். அதில் ஃப்ரீடம் இல்லை, பெயர் மட்டும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் என்னை எந்த வாங்கில் இருத்தினார்கள், எந்த வீட்டில் எந்தக் குவளையில் தண்ணீர் தந்தார்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. நேரில் ஒருநாள் சொல்கிறேன். 1989-இல் நான் விமானம் ஏறியதற்கு எல்லோரும் சொல்லும் காரணம் எனக்கும் உண்டு, ஷெல்லும் சுற்றிவளைப்பும். இன்னொரு காரணம் அந்த உலை. லண்டனுக்குப் போனால் நான் யாருடைய மகன் என்று யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். அது தெரியாமல்தான் இருந்தது. நீ போய் உலைக்கு முன்னால் உட்கார்ந்தபோது எனக்கு வந்த கோபம் உன் மேல் இல்லை என்று இப்போது சொன்னால் நம்புவாயா?

லண்டன் மட்டும் என்ன திறமா. 1517-இல் மே முதலாம் திகதி அப்ரெண்டிஸ் பொடியன்கள் கூட்டமாகச் சேர்ந்து நகரத்தில் இருந்த வெளிநாட்டுக்காரரின் வீடுகளை அடித்து நொறுக்கினார்கள். வேலையைப் பறிக்கிறார்கள் என்று, அதே பல்லவி. சிலரைத் தூக்கில் போட்டு, மற்றவர்களைக் கழுத்தில் கயிற்றோடு வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் நிறுத்தி எட்டாம் ஹென்றி மன்னித்து விட்டார். 1731 செப்டெம்பர் 14-ஆம் திகதி நகர நிர்வாகம் ஓர் ஆணை போட்டது. கறுப்பு நிறத்தவர் எவரையும் இந்த நகரத்தில் எந்த ஃப்ரீமேனிடமும் அப்ரெண்டிஸாகப் பதியக் கூடாது என்று. பழகாவிட்டால் ஃப்ரீடம் இல்லை, ஃப்ரீடம் இல்லாவிட்டால் நகருக்குள் சொந்தமாகக் கடை வைக்க முடியாது. கதவை எந்த இடத்தில் பூட்ட வேண்டும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. யூதர்களுக்கு 1830 வரை ஃப்ரீடம் இல்லை. இதையெல்லாம் உன் சந்தோஷத்தைக் கெடுக்க எழுதவில்லை. அந்த அறையில் நீ நிற்கும்போது யார் யாரெல்லாம் அங்கே நிற்க முடியாமல் இருந்தார்கள் என்று உனக்குத் தெரிந்திருக்கட்டும், அவ்வளவுதான். அதோடு முதுகை நிமிர்த்தி நில். நீ கூனிக்கொண்டு நிற்பாய்.

இன்னொன்று. எங்கள் ஊரில் ஒரு பழமொழி உண்டு, தாயின் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான் என்று. பெற்ற தாயின் நகையிலும் கொஞ்சம் திருடுவான் என்று அர்த்தம். அப்பப்பாவுக்கு அதைக் கேட்டால் முகம் செத்துவிடும். எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு கல்யாண வீட்டுக்குப் பொன்னுருக்க அவரோடு போனேன். மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, நிறைகுடம் வைத்து, சிரட்டைக்கரியில் சின்ன மூசையை வைத்துப் பொன் நாணயத்தை உருக்குகிறார். வெற்றிலை, தேசிக்காய், தட்சணை எல்லாம் மரியாதையாகத்தான் தந்தார்கள். ஆனால் பெண் பகுதி மாமா ஒருவர் உருக்கி முடியும்வரை அப்பாவின் கைவிரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் இமைக்கவில்லை. பொன் உருகி உருண்டு பாசிமணி மாதிரி நின்றபோது எல்லோரும் பொன்னைப் பார்த்தார்கள், அந்த ஆள் மட்டும் விரலைப் பார்த்தார். வீட்டுக்குப் போகும் வழியில் அப்பா சைக்கிளில் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

லண்டனிலும் பத்தர்மாரை யாரும் நம்பவில்லை என்று வாசித்தபோது எனக்கு ஒரு அற்பச் சந்தோஷம். 1300-இல் அரசர் சட்டம் போட்டுச் சிறுத்தைத் தலை முத்திரை குத்தாமல் வெள்ளி வெளியே போகக் கூடாது என்றார். 1478-இலிருந்து சோதனையை மண்டபத்துக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். ஹால்மார்க் என்ற சொல் அந்த ஹாலில் குத்திய மார்க் என்பதால் வந்தது. இங்கே வீதிக்கு வீதி நகைக்கடைப் பலகையில் அந்தச் சொல் தொங்குகிறது, எந்த ஹால் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, பார். விரலைப் பார்க்காமல் பொருளைச் சுரண்டிப் பார்க்கிறார்கள். சரியாக இருந்தால் குத்துகிறார்கள், இல்லாவிட்டால் இல்லை. அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

நீ செய்து முடித்த வெள்ளிச் செம்பின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரே தகட்டைத் தட்டித் தட்டி எழுப்பியது என்றாய். கழுத்து குறுகும் இடத்தில் தகடு வெடிக்காமல் எத்தனை தரம் சூடு காட்டினாய்? அந்த இடத்தில் சுத்தியல் அடி ஒன்றுக்கொன்று தொட்டுத் தொட்டு மீன் செதில் போலப் போகிறது. விளிம்புக்குக் கிட்ட ஒரே ஒரு அடி மற்றதைவிட ஆழம். நீயும் பார்த்திருப்பாய், வேண்டுமென்றே விட்டிருப்பாய் என்று நினைக்கிறேன். அப்பப்பா பார்த்திருந்தால் முதலில் அதைத்தான் தடவியிருப்பார். நல்லது என்று வாயால் சொல்ல மாட்டார். கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருப்பார், திருப்பித் தர நேரமாகும்.

உனக்கென்று சொந்த முத்திரை பதிவு செய்யப் போகிறேன் என்றாயே, உன் பெயரின் முதல் எழுத்தும் என் பெயரின் முதல் எழுத்தும். அப்பா பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொள்ளும் எங்கள் வழக்கத்தால் வந்த அதிர்ஷ்டம் எனக்கு. ஒரு வேலையும் செய்யாமல் வெள்ளியில் ஏறிவிட்டேன். அப்பப்பா செய்ததில் எல்லாம் கடை முதலாளியின் முத்திரைதான். ஈஸ்ட் ஹாமில் ஒரு கல்யாண வீட்டில், நீ சின்னப் பிள்ளை, பக்கத்து மேசை அம்மா ஒருவவின் தாலிக்கொடிச் சுரையைப் பார்த்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தத் திருகு முடியும் இடம் அப்பாவின் கை போலவே இருந்தது. போய்க் கேட்க முடியுமா? கேட்டாலும் கடைப் பெயரைத்தான் சொல்லியிருப்பா.

அன்றைய நாளைப் பற்றி. உறுதிமொழியை முதலில் வீட்டில் இரண்டு தரம் சத்தமாக வாசித்துப் பழகு. அரசருக்கு உண்மையாக இருப்பேன், மேயருக்குக் கீழ்ப்படிவேன், சதிக்கூட்டம் ஏதும் தெரிய வந்தால் அறிவிப்பேன் என்றெல்லாம் வரும், இழுத்த இழுப்பில் பழைய ஆங்கிலம். பெரிய புத்தகத்தில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள், முழுப் பெயரையும் போடு, சுருக்காதே. உயரத் தொப்பி போட்ட ஒருவர் நிற்பார், அம்மா அவரைப் பார்த்துச் சிரிக்காமல் பார்த்துக்கொள். லண்டன் பாலத்தில் தீர்வை கட்டாமல் செம்மறி ஓட்ட ஃப்ரீமேன்மாருக்கு முன்பு இருந்த உரிமை பற்றிக் கடையில் சொன்னேன். "அண்ணை, ஆட்டை ஃபிளாட்டில எங்க கட்டுறது?" என்று கேட்கிறான் நைட் ஷிஃப்ட் பொடியன். கொத்துரொட்டிக்கு ஆகும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

தோலில் எழுதித் தரும் பத்திரத்தை அந்தக் காலத்தில் சின்னப் பெட்டியில் போட்டுச் சட்டைப்பையில் கொண்டு திரிவார்களாம், கேட்ட இடத்தில் காட்ட. எனக்கு அது நன்றாக விளங்கும். லண்டனில் இருக்கலாம் என்ற ஒரு கடிதத்துக்காக ஏழு வருடம் காத்திருந்தவன் நான். வந்த பிறகும் இரண்டு வருடம் அதன் போட்டோகொப்பியை மடித்துப் பர்ஸில் வைத்திருந்தேன், கூப்பன் மாதிரி. ஒருவரும் கேட்கவில்லை. இன்றைக்கு உன் பத்திரத்தையும் ஒருவரும் கேட்க மாட்டார்கள், அதை வைத்துக்கொண்டு கடை திறக்க வேண்டிய காலமும் இல்லை. ஆனாலும் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டு. பின்பக்கம் ஈரம் படாத சுவரில்.

சரி, பொதி. மூன்று சாமான், மூன்றும் அப்பப்பாவினுடையவை. 1995-இல் ஊரே எழும்பி நாவற்குழிப் பாலத்தால் நடந்தபோது அப்பம்மா அரிசியும் சட்டிபானையும் தூக்கினா, இவர் இவற்றை உமலில் போட்டுத் தோளில் கொழுவிக்கொண்டு வந்தார். அப்பம்மா இன்றைக்கும் அதைச் சொல்லித் திட்டுகிறா. நேற்றுக் கட்டிலில் கிடந்தபடி, "அவளுக்கே குடு, அவள்தானே ஊதுறாள்" என்றா.

ஊதுகுழல் பித்தளை, வாயில் வைக்கும் பக்கம் அவருடைய பல் பதிந்திருக்கிறது. தேசிக்காய்ப்புளி போட்டு மினுக்காதே. உரைகல்லைத் துணியில் சுற்றியிருக்கிறேன். பின்னேரம் வேலை முடிந்ததும் மெழுகுருண்டையால் ஒற்றிக் கோடுகளை எடுத்துவிடுவார், அந்த மெழுகில் சேரும் பொன்னையும் விடமாட்டார். இப்போது ஒரு மூலையில் இரண்டு கோடு எடுபடாமல் இருக்கிறது. கம்பி அச்சு இரும்பு, பாரம், அதைக் கைப்பையில் வைக்கக் கூடாது என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். கொஞ்சம் துருப் பிடித்திருந்தது, தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தேன். பெரிய துளைகள் எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன. கடைசித் துளை மட்டும் தேய்ந்து ஒரு பக்கம் முட்டையாகிவிட்டது, அதில் இழுத்தால் கம்பி உருட்டாக வராது. அதற்கு முந்திய துளையோடு நிறுத்திக்கொள்.

அன்புடன்,
அப்பா